நடுக்கோட்டைத் தாண்டிய சிறுநீரகம்

நாகமலை புதுக்கோட்டையில், பல்கலைக்கழகத்துக்குப் போகிற வழியில், ஜெராக்ஸ் எடுத்து பைண்டிங் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். ஆராய்ச்சி மாணவர்கள் ஆய்வேட்டைத் தட்டச்சு செய்யவும் திருத்தவும் என்னிடம் வருவார்கள். கையெழுத்துப் புரியாத வரிகளைக்கூட முன்பின் பார்த்து ஊகித்து அடித்துவிடுவேன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. என் உடம்பில் நடந்துகொண்டிருந்ததை மட்டும் என்னால் ஊகிக்க முடியவில்லை.

அப்போது எனக்கு நாற்பத்தேழு வயது. வயிறு கூடிக்கொண்டு வந்தது எனக்குத் தெரியும். நாள் முழுதும் உட்கார்ந்த வேலை, மாதவிலக்கு நிற்கிற வயது, கோடையில் ஆய்வேடுகள் குவிந்து சாப்பாட்டு நேரமே இல்லாமல் போவது என்று அதற்குக் காரணங்களை வைத்திருந்தேன். ஒன்றுதான் ஒத்துவரவில்லை. முன்பு நாலு தோசை சாப்பிடுகிறவள் ஒன்றரைத் தோசையில் போதும் என்று எழுந்துகொண்டிருந்தேன். சாப்பாடு குறைகிறது, வயிறு பெருக்கிறது. அதைக் காற்று என்று சொல்லி ஓமத்தண்ணீர் குடித்தேன்.

எனக்குச் சுடிதார் தைக்கிறவள் காளவாசலில் ஒரு மாடிப்படிக்குக் கீழே மெஷின் போட்டிருந்தாள். என்னைவிடப் பத்து வயது இளையவள். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள். போனில் அம்மாவோடு அவள் பேசுவதில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினால் அச்சு அசல் மதுரைப் பேச்சு. ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, தேதி போட்டு அளவு எழுதி வைத்திருப்பாள். அன்றைக்கு இரண்டு துணி கொடுக்கப் போயிருந்தேன். அளவு நாடாவை வயிற்றைச் சுற்றிப் போட்டவள், அப்படியே நின்று நோட்டைப் புரட்டினாள்.

"அக்கா, கையை இன்னொருக்கா காட்டுங்க."

காட்டினேன். மறுபடி அளந்தாள். தோளையும் அளந்தாள்.

"தீபாவளிக்குத் தச்சப்ப கை பதினொன்றரை இஞ்சு இருந்துச்சு. இப்ப பத்தே முக்கா. தோளும் கொஞ்சம் எறங்கிருக்கு. வயிறு மட்டும் அஞ்சு இஞ்சு ஏறிருக்குக்கா."

"வயசாகுதுல்லடி."

"வயசானா எல்லா எடத்துலயும்ல ஏறணும்? நான் எம்புட்டுப் பேருக்கு அளவெடுக்குறேன். குண்டாவுறவங்களுக்கு மொதல்ல கைதான் பத்தாமப் போவும். உங்களுக்குக் கை லூசாவுது." பிறகு நான் போட்டிருந்த சுடிதாரின் பக்கவாட்டுத் தையலைத் தொட்டாள். "இது நான் தச்சதுதான். ரெண்டு பக்கமும் ஒண்ணு போலத்தான் வெட்டினேன். எடது பக்கத் தையல் மட்டும் முன்னாடி இழுத்துக்கிட்டு வருது பாருங்க."

கண்ணாடியில் பார்த்தேன். அவள் சொன்னது உண்மைதான். அத்தனை நாளும் தலை சீவும்போது எதிரில் நின்றிருந்த வயிறு, ஒரு பக்கம் மட்டும் புடைத்திருப்பது அப்போதுதான் தெரிந்தது.

"துணி இருக்கட்டும்க்கா. இப்ப வெட்ட மாட்டேன். டாக்டர்ட்ட காமிச்சுட்டு வாங்க, அப்புறம் பாப்போம்" என்றாள்.

அன்று சாயங்காலம் இதை என் கணவரிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் திருப்பரங்குன்றத்தில் தண்ணீர் மோட்டாருக்குள் செம்புக்கம்பிக் காயில் சுற்றிக் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். சத்தமில்லாமல் ஓடுகிற மோட்டாரில்கூடக் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "சூடு ஒரு பக்கமா இருக்கு" என்று சொல்லக்கூடியவர். அவர் சிரிக்கவில்லை.

"ஒரு பக்கம் மட்டும்னா சும்மா விடக் கூடாது. நாளைக்கே போவோம்."

வயிற்று ஸ்கேன் எடுத்தவர் சின்ன வயது டாக்டர். குளிர்ந்த பசையைத் தடவி, கருவியை வைத்து அழுத்தி, வலது பக்கத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டார். இடது பக்கம் வந்ததும் நின்றுவிட்டார். ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். முதுகுப் பக்கமாக வைத்துப் பார்த்தார். திரும்ப மல்லாக்கப் படுக்கச் சொன்னார்.

"உங்களுக்கு முன்னாடி கிட்னி ஆபரேஷன் ஏதும் நடந்திருக்காம்மா?"

"இல்லைங்க."

"யாருக்காச்சும் கிட்னி குடுத்திருக்கீங்களா?"

நான் தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தன் கேள்வியை உணர்ந்து குரலைத் தணித்துக்கொண்டார். "இடது கிட்னி இருக்க வேண்டிய எடத்துல தெரியல. பெரிய கட்டி ஒண்ணு இருக்கு. சிடி ஸ்கேன் எடுத்தாத்தான் முழுசாத் தெரியும்."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தபோது, ஒரு சிறுநீரகத்தை எங்கேயோ தொலைத்துவிட்டு அது தெரியாமலே கடையைத் திறந்து மூடிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று நினைத்தேன். பயத்துக்கு முன்னால் வந்தது அந்தத் திகைப்புதான்.

சிடி ஸ்கேனுக்கு இரண்டு நாள் கழித்து நகரத்துக்குள் இருந்த ஒரு மையத்துக்குப் போனோம். மருந்து கலந்த தண்ணீரை ஒரு மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்தார்கள். குடல் படத்தில் தனியாகத் தெரிவதற்காம். பிறகு கையில் ஊசி குத்தி, வட்டமான இயந்திரத்துக்குள் நீட்டிக்கொண்டிருந்த மேசையில் படுக்க வைத்தார்கள். மூச்சை இழுக்கச் சொல்லியும் அடக்கச் சொல்லியும் இயந்திரத்துக்குள் இருந்து ஓர் ஆண்குரல் ஆங்கிலத்தில் சொல்லும் என்று அங்கிருந்த பெண் முன்பே சொல்லியிருந்தாள். "பயந்துராதீங்க, மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடா இருக்கும். ஒண்ணுக்குப் போயிட்ட மாதிரி இருக்கும். போயிருக்க மாட்டீங்க" என்றாள். அவள் சொன்ன வரிசை மாறாமல் நடந்தது. தொண்டையில் தொடங்கிய சூடு நெஞ்சுக்கு இறங்கி, அடிவயிற்றில் பரவி, நின்றது. என் ரத்தம் எந்த வழியாக எங்கே போகிறது என்பதை அந்த அரை நிமிடம் நான் உள்ளிருந்து உணர்ந்தேன். நாற்பத்தேழு வருடம் ஓடிக்கொண்டிருந்த ரத்தம் அது. அதற்கு முன் ஒரு நாளும் அது ஓடுவது எனக்குத் தெரிந்ததில்லை.

ரிப்போர்ட் மறுநாள்தான் தருவார்கள் என்றார்கள். ஆனால் நாங்கள் கிளம்புவதற்கு முன், படம் பார்த்துச் சொல்லும் டாக்டர் எங்களை உள்ளே கூப்பிட்டார். ஐம்பது வயதைத் தாண்டிய பெண். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். அறையில் விளக்கு மங்கலாக இருந்தது. எதிரில் இரண்டு பெரிய திரைகள்.

"உக்காருங்கம்மா. சார், நீங்களும் வாங்க. மத்தவங்களுக்கு நான் இப்படிக் கூப்பிட்டுக் காட்டுறதில்ல. கிட்னி காணோம்னு சொல்லி அனுப்பிருக்காங்க, நீங்க ரெண்டு நாளாத் தூங்கிருக்க மாட்டீங்க. அதான்."

திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு நீள்வட்டம் இருந்தது. அது நான்தான் என்று நம்புவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"நீங்க படுத்திருக்கீங்க, நாம கால்மாட்டுல நின்னு பாக்குறோம்னு வச்சுக்கங்க. அதனால படத்துல வலது பக்கம் தெரியுறது உங்க எடது பக்கம். எலும்பு வெள்ளையாத் தெரியும். காத்து சுத்தக் கறுப்பு. கொழுப்பும் கறுப்புதான், காத்தைவிடக் கொஞ்சம் வெளுத்திருக்கும்."

அவர் சுட்டியின் சக்கரத்தை உருட்டினார். நான் மேலிருந்து கீழாகத் திறந்துகொண்டே போனேன். நுரையீரலின் அடிப்பகுதி வந்து போனது. ஈரல் வந்தது. என் கணவர் மூச்சுவிடும் சத்தம் பக்கத்தில் கேட்டது. பிறகு என் வயிற்றின் இடது பாதி முழுவதும் கறுத்துக் கிடந்தது. விலாவுக்குக் கீழே தொடங்கி இடுப்பெலும்பு வரை, உருட்ட உருட்ட, அந்தக் கறுப்பு முடியவில்லை. அதற்குள் மெல்லிய வெளுத்த நார்கள் ஓடின. ஓரிடத்தில், முதுகை ஒட்டி, எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வெளுப்பு இருந்தது.

"எடது கிட்னி?" என்று என் கணவர் கேட்டார்.

டாக்டர் சக்கரத்தைப் பின்னால் உருட்டி ஓரிடத்தில் நிறுத்தினார். "இந்தா இருக்கு பாருங்க."

முதுகெலும்பின் இடப்பக்கம் இருக்க வேண்டியது, முதுகெலும்புக்கு முன்னால் வந்து, நடுவைத் தாண்டி, வலது சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் சாய்ந்து கிடந்தது. இரண்டும் மொச்சைக் கொட்டைகள் போலப் பளிச்சென்று வெள்ளையாக இருந்தன. குடல் முழுவதும் வலது பக்க ஓரத்தில் நெருக்கிக்கொண்டு நின்றது, கூட்டமான பஸ்ஸில் ஆட்கள் ஒதுங்கி நிற்கிற மாதிரி.

"அது இன்னமும் வேலை செய்யுதா டாக்டர்?" என்றேன்.

"அதத்தான் காட்டணும்னு நெனச்சேன். கையில போட்ட மருந்து ரெண்டு கிட்னிலயும் ஒண்ணு போல ஏறியிருக்கு. இந்த வெள்ளைக் கோடு மூத்திரக் குழாய். எம்புட்டுத் தூரம் வளைஞ்சு, கட்டியைச் சுத்திக்கிட்டு வந்து, பையில சேந்திருக்கு பாருங்க. எங்கயும் அடைக்கல. ரத்தக் குழாயும் கூடவே நீண்டு வந்திருக்கு. கட்டி ஒரே நாள்ல வந்ததில்ல. வருசக் கணக்கா மெல்ல மெல்லத் தள்ளியிருக்கு. இதெல்லாம் மெல்ல மெல்ல எடம் விட்டுக் குடுத்திருக்கு."

நான் பைண்டிங் போட்டுக்கொண்டிருந்தபோது, பஸ் ஏறியபோது, யாரோடாவது சண்டை போட்டபோது, எனக்குள்ளே ஒரு சிறுநீரகம் தன் இடத்தை விட்டு நகர்ந்து நகர்ந்து முதுகெலும்பைக் கடந்திருக்கிறது. அத்தனை தூரம் நடந்தும் ஒரு நாள்கூட வேலையை நிறுத்தவில்லை. எனக்கு ஒரு வலிகூடக் கொடுக்கவில்லை. என்னிடம் யாரும் எதையும் சொல்லாமல், எனக்காக இவ்வளவு நடந்திருக்கிறது. கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அதுதான் காரணம். டாக்டர் அதைப் பயம் என்று நினைத்து என் கையைப் பிடித்தார்.

என் கணவர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நாங்க மோட்டாரைப் பிரிச்சுப் போட்டாத்தான் எங்க எரிஞ்சிருக்குன்னு தெரியும். நீங்க ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழட்டல" என்றார்.

அதன் பிறகுதான் டாக்டர் மற்றதைச் சொன்னார். தோலுக்கடியில் பலருக்கு வரும் கொழுப்புக் கட்டி ஒன்றும் செய்யாது. இது வயிற்றுக்குப் பின்னால், முதுகை ஒட்டி, ஆழத்தில் வளர்ந்தது. இந்த இடத்தில் இவ்வளவு பெரிதாக வந்தால் கொழுப்புத் திசுவில் வரும் அபூர்வமான புற்றுநோயாக இருக்கலாம். சதையும் கொழுப்பும் நரம்பும் போன்ற மெல்திசுக்களில் வருகிற வகை. "நான் சந்தேகம்னுதான் சொல்றேன். ஊசியால எடுத்துப் பரிசோதிச்சாத்தான் உறுதி" என்றார்.

அந்த ஊசியையும் அவரேதான் போட்டார். அதே மேசை. வலது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகில் மரத்துப்போக மருந்து போட்டார். ஒரு முறை படம் எடுப்பார், உள்ளே வந்து ஊசியைக் கொஞ்சம் தள்ளுவார், வெளியே போவார், மறுபடி படம் எடுப்பார். எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்டேன். கட்டிதான் வயிறு முழுக்க இருக்கிறதே, எங்கே குத்தினால் என்ன?

"கறுப்பா இருக்குற எடத்துல குத்துனா வெறும் கொழுப்புன்னுதான் ரிப்போர்ட் வரும். அந்த வெளுப்பா ஒண்ணு பாத்தோம்ல, எலுமிச்சம்பழம் மாதிரி? அங்கதான் கெட்டது இருக்கும்னு எனக்குத் தோணுது. அதுக்குள்ள போவணும். வயித்து வழியாப் போகக் கூடாது, முதுகு வழியாத்தான் போவணும். இன்னும் ரெண்டு தடவ, அசையாம இருங்க."

அசையாமல் இருந்தேன். அவர் கண் எங்கே பார்த்ததோ அங்கே ஊசி போய்ச் சேர்ந்தது.

பத்து நாளில் முடிவு வந்தது. லைப்போசார்கோமா, டாக்டர் சொன்ன அதே கொழுப்புத் திசுப் புற்றுநோய். ஆய்வேடுகளில் வாயில் நுழையாத எத்தனையோ சொற்களை அடித்துக் கொடுத்திருக்கிறேன். எதுவும் என்னைத் தொட்டதில்லை. இந்தச் சொல்லைக் கடைக் கணினியில் ஒரு முறை அடித்துப் பார்த்துவிட்டு, உடனே அழித்துவிட்டேன். டாக்டர் சந்தேகப்பட்டபடியே அந்த வெளுப்பில்தான் கெட்ட பகுதி இருந்தது. நெஞ்சையும் படமெடுத்துப் பார்த்து, நுரையீரலுக்குப் பரவவில்லை என்றார்கள்.

இந்த வகைக் கட்டிகளை எடுத்துப் பழகிய ஓர் அறுவை சிகிச்சை மருத்துவரிடம் அனுப்பினார்கள். அதிகம் பேசாதவர். எங்களை உட்காரவைத்துவிட்டு, படம் பார்த்த டாக்டரோடு போனில் பேசிக்கொண்டே அரை மணி நேரம் என் படங்களை மேலும் கீழும் உருட்டினார். "இங்க பிடிச்சிருக்கா? இல்ல, ஒட்டி மட்டும் இருக்கா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு ஒரு தாளில் எனக்குப் படம் வரைந்தார்.

"கட்டிய முழுசா ஒரே துண்டா எடுக்கணும். பிச்சு எடுத்தா மறுபடி வரும். எடது கிட்னியும் பெருங்குடல்ல ஒரு பகுதியும் சேத்துத்தான் வரும்."

"அந்தக் கிட்னி நல்லாத்தானே இருக்கு?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அதுக்கும் கட்டிக்கும் நடுவுல கத்தி போற அளவுக்கு எடம் இல்ல."

வலது சிறுநீரகம் தனியாகச் சமாளிக்குமா என்று பார்க்க இன்னொரு ஸ்கேன் எடுத்தார்கள். சமாளிக்கும் என்று வந்தது. அந்த வாரம் முழுக்க என் மனதில் புற்றுநோயைவிட அந்த இடது சிறுநீரகமே இருந்தது. எல்லை தாண்டிப் போய்த் தப்பித்து, கடைசிவரை உழைத்ததை வெட்டி எடுக்கப்போகிறார்கள். இதை யாரிடம் சொன்னாலும் கிறுக்கு என்பார்கள் என்று என் கணவரிடம் மட்டும் சொன்னேன்.

"நல்லா ஓடுற மோட்டாரைக் கழட்டிப் போடச் சொன்னா எனக்கும் மனசு வராதுதான். ஆனா நீ எனக்கு வேணும்ல" என்றார். இருபத்து மூன்று வருடத்தில் அவர் எனக்குச் சொன்னதில் அதுதான் காதல் பேச்சுக்கு மிக அருகில் வந்தது.

அறுவை சிகிச்சை ஒன்பது மணி நேரம் நடந்தது. முடிந்ததும் என் கணவரை உள்ளே கூப்பிட்டு, எடுத்ததைக் காட்டியிருக்கிறார்கள். எனக்கு நினைவு தெளிந்து, வார்டுக்கு வந்து, நாலைந்து நாள் கழித்துத்தான் அதைப் பற்றிப் பேசினார்.

"ஏழு கிலோவாம். மஞ்சளா, பளபளன்னு இருந்துச்சு. பாக்க அம்புட்டு மோசமா இல்ல. நான் கிட்னி எங்கன்னு கேட்டேன். டாக்டரு விரிச்சுக் காமிச்சாக. ஒரு ஓரமா இருந்துச்சு." அவர் உள்ளங்கையை மடக்கி அளவு காட்டினார். "அந்த வெளுப்பும் இருந்துச்சு. அந்தம்மா படத்துல காட்டுன அதே எடம். எலுமிச்சம்பழ அளவு. வெளிய இருந்துக்கிட்டு, தொடாமக் கொள்ளாம, எப்படித்தான் அம்புட்டுச் சரியாச் சொன்னாகளோ."

தையல்காரி என்னைப் பார்க்க வார்டுக்கு வந்தாள். மாதுளம்பழம் வாங்கி வந்திருந்தாள். நான் அவளிடம் நன்றி சொல்லத் தொடங்கியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "டேப்பு சொன்னுச்சுக்கா, நான் என்ன சொன்னேன்" என்றாள். என் வயிற்றை மேலோட்டமாகக் கண்ணாலேயே அளந்துவிட்டு, ஆறு மாதம் கழித்து வந்தால் புது அளவு எடுத்துக்கொள்ளலாம் என்றாள். அவளிடம் படிக்கப் படம் எதுவும் இல்லை. ஒரு நோட்டும் நாடாவும்தான். அவளும் அந்த டாக்டரும் எனக்குள் இருந்ததை ஒரே விதமாகத்தான் கண்டுபிடித்தார்கள் என்று எனக்குத் தோன்றும். இருக்க வேண்டியது என்ன, இப்போது இருப்பது என்ன என்று இரண்டையும் வைத்துப் பார்த்தார்கள்.

இந்த வகைக் கட்டி திரும்பி வரும் சுபாவம் உள்ளது. அதை யாரும் என்னிடம் மறைக்கவில்லை. நாலு மாதத்துக்கு ஒரு முறை சிடி எடுக்க வேண்டும் என்றார்கள். முதல் முறை போனபோது அதே டாக்டர் என்னைப் பார்த்ததும் சிரித்து, உள்ளே கூப்பிட்டார். திரையில் என் இடது பக்கம் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அந்தக் கறுப்பு இல்லை. வலது ஓரத்தில் நெருக்கி நின்ற குடல் மெல்லத் திரும்பி வந்து, காலியான இடத்தில் பரவி உட்கார்ந்திருந்தது.

"யாராச்சும் இப்படி எடுத்து வச்சாங்களா?" என்று கேட்டேன்.

"அதுவா வந்ததுதான். இன்னொண்ணு பாருங்க." வலது சிறுநீரகத்தின் மேல் சுட்டியால் ஒரு கோடு இழுத்து அளந்தார். பழைய படத்தையும் பக்கத்தில் வைத்தார். "முன்னாடிய விட ஒரு சென்டிமீட்டர் நீண்டிருக்கு. தடிப்பும் கூடியிருக்கு. ரெண்டு பேரு வேலைய ஒருத்தர் பாக்குறார்ல, அதுக்குத் தக்கன வளர்ந்துக்கிட்டார்."

அதற்கு யார் சொன்னார்கள், பக்கத்தில் இருந்தவன் போய்விட்டான் என்று? நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். டாக்டர் ரத்த ஓட்டம் பற்றி, சுரப்பிகள் பற்றி ஏதோ விளக்கினார். எல்லாம் கேட்டுவிட்டு, "இருந்தாலும் ஆச்சரியம்தான்மா. முப்பது வருசமா பாக்குறேன், எனக்கே இன்னும் பழகல" என்றார்.

இரண்டு வருடம் ஒவ்வொரு படமும் சுத்தமாக வந்தது. ஏழாவது முறை போனபோது, மேசையிலிருந்து இறங்கச் சொல்ல வேண்டிய பெண் இறங்கச் சொல்லவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் திரையைக் குனிந்து பார்ப்பது தெரிந்தது. பிறகு டாக்டரே வந்தார்.

"எடது பக்கம், கிட்னி இருந்த எடத்துல, உருண்டையா ஒண்ணு தெரியுது. போன தடவ இல்ல."

என் கணவர் வெளியே பெஞ்சில் இருந்தார். அவரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன்.

"இப்பவே ஒண்ணும் முடிவு பண்ண வேணாம். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு, அதப் பாத்துருவோம்" என்றார் டாக்டர். மருந்து கலந்த தண்ணீர் இன்னும் இரண்டு தம்ளர் கொடுக்கச் சொன்னார். "இதக் குடிச்சுட்டு அரை மணி நேரம் நடங்க. ஒரு எடத்துல உக்காராதீங்க. பெறகு ஒரே ஒரு தடவ மறுபடி எடுப்போம்."

வெளியே வந்து நடந்தேன். அந்த மையத்தின் தாழ்வாரம் நாற்பது அடி இருக்கும். என் கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் எழுந்து கூட நடந்தார். மூன்றாவது சுற்றில் சொன்னேன்.

"என்னமோ இருக்காம். மறுபடி எடுக்கணுமாம்."

"சரி" என்றார். கொஞ்சம் தள்ளி, "தண்ணி எதுக்குக் குடுத்தாக?" என்றார்.

"தெரியல. சந்தேகம்னு சொன்னாங்க."

"காரணம் இல்லாம அந்தம்மா எதும் செய்ய மாட்டாக. நட."

நடந்தோம். காத்திருந்த ஒரு பெரியவர் தன் கால்களை எங்களுக்காக ஒவ்வொரு முறையும் உள்ளே இழுத்துக்கொண்டார். மறுபடி வந்தால் மறுபடி அறுவை சிகிச்சையா, இன்னொரு முறை தாங்குவேனா, கடையை என்ன செய்வது என்று யோசிக்க முயன்றேன். எதுவும் மனதில் நிற்கவில்லை. அடிவயிற்றில் தண்ணீர் குலுங்குவது மட்டும் தெரிந்தது.

மறுபடி படுத்தேன். மூச்சை இழு, அடக்கு என்றது அந்தக் குரல். முடிந்ததும் டாக்டர் எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். இரண்டு திரையிலும் ஒரே இடம். இடது திரையில் சாம்பலாக ஓர் உருண்டை. வலது திரையில் அதே உருண்டை நீண்டு, வளைந்து, உள்ளே வெள்ளையாக நிறைந்திருந்தது.

"குடல்தான்" என்றார். கயிற்றில் தொங்கிய கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அப்போதுதான் அவரும் பயந்திருந்தார் என்று தெரிந்தது. "காலியான எடத்துக்குக் குடல் வந்திருக்குல்ல. அதுல ஒரு வளையம் தண்ணி ஏறாம மடங்கிக் கெடந்துச்சு. பாத்தா அப்படியே கட்டி மாதிரி. தண்ணி போனதும் தன்னைக் காட்டிருச்சு."

என் கணவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் நின்றுகொண்டிருந்ததே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "வேற ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார்.

"இன்னைக்கு ஒண்ணும் இல்ல" என்றார் டாக்டர். அந்த முதல் சொல்லை அவர் அழுத்திச் சொன்னதை நாங்கள் இருவருமே கவனித்தோம். அதற்காக அவரை எனக்கு இன்னும் பிடித்தது.

அடுத்து வருபவருக்கு ஊசி போட நேரம் ஆகும் என்று யாரோ வந்து சொன்னார்கள். டாக்டரிடம் ஒன்று கேட்கலாமா என்று தயங்கினேன். பிறகு கேட்டேன்.

"நானே ஒரு தடவ உருட்டிப் பாக்கலாமா?"

அவர் எழுந்து தன் நாற்காலியை எனக்குக் கொடுத்தார். சுட்டி என் கைக்குப் பழகியதுதான், தினமும் பத்து மணி நேரம் பிடிக்கிறேன். சக்கரத்தை ஒரு பல் நகர்த்தினால் அரிசி மணி அளவுக்கு என் உடம்பில் கீழே இறங்கினேன். நுரையீரலின் அடி. இதயத்தின் கீழ் விளிம்பு. ஈரல், அதற்குள் கிளைவிட்ட வெள்ளை ரத்தக் குழாய்கள். மண்ணீரல். பெரிதாகிவிட்ட வலது சிறுநீரகம். இடது பக்கம், புதிய இடத்தில் புழங்கிக்கொண்டிருந்த குடல். முதுகெலும்பின் எலும்புகள் ஒவ்வொன்றும் வந்து வந்து போயின. இடுப்பெலும்பின் இறக்கை விரிந்தது. கீழே வரை போய்விட்டு, மெல்ல மேலே ஏறி வந்தேன். யாரும் அவசரப்படுத்தவில்லை.

"என்ன தேடுறீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒண்ணும் தேடல டாக்டர். சும்மா பாக்குறேன்" என்றேன்.

அவர் என் பின்னால் நின்று, நான் முடிக்கிறவரை கூடவே பார்த்தார். இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு முறை போகிறேன்.